‘கண்டறியப்படவில்லை’: தேனில் எதைத் தேடினார்கள், எதைத் தேடவில்லை

தேனுக்கு எடுத்த ஆய்வக அறிக்கையை யாராவது உங்களிடம் நீட்டி, "பாருங்க, எல்லாத்துக்கும் எதிரே கண்டறியப்படவில்லைன்னுதான் இருக்கு" என்று சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் அதே தாளில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, எந்தெந்த வேதிப்பொருள்களைத் தேடினார்கள் என்ற பட்டியல். இன்னொன்று, ஓரமாகப் பொடி எழுத்தில் இருக்கும் எண், அதாவது இதற்குக் கீழே இருந்தால் எங்களால் அளக்க முடியாது என்று ஆய்வகமே ஒப்புக்கொள்ளும் அளவு. பத்து ஆன்டிபயாடிக்கை மட்டும் தேடிய அறிக்கையிலும் நானூறு பூச்சிக்கொல்லிகளைத் தேடிய அறிக்கையிலும் அந்தச் சொல் ஒரே மாதிரிதான் அச்சாகிறது. வாங்குகிறவருக்கு மட்டும் இல்லை, தேனீ வளர்ப்பவர்களில் பலருக்கும் இது பிடிபடுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தேனுக்குள் இதெல்லாம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு கூட்டின் தேனீக்கள் சாதாரணமாக 2, 3 கிலோமீட்டர் தூரம் போய் மேய்கின்றன, பூ இல்லாத காலத்தில் அதைவிட வெகுதூரமும் போகும். 3 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டால்கூட பெட்டியைச் சுற்றி ஏறக்குறைய 28 சதுர கிலோமீட்டர் நிலம் அந்தக் கூட்டின் மேய்ச்சல். பெட்டி வைத்திருப்பவர் தன் நிலத்தில் ஒரு சொட்டு மருந்தும் தெளிக்காதவராக இருக்கலாம், ஆனால் அந்த 28 சதுர கிலோமீட்டரில் யார் எதைத் தெளித்தார்கள், எந்தக் குட்டையில் என்ன கலந்தது என்பதெல்லாம் அவர் கையில் இல்லை.

இதற்கு என் மனதில் நிற்கும் உதாரணம் பாரிஸ். 2019 ஏப்ரலில் நோத்ர்-டாம் தேவாலயத்தின் கூரை எரிந்தபோது அதில் இருந்த ஈயம் புகையோடு நகரத்தின் மேல் பரவியது. அந்த ஜூலையில் பாரிஸ் பகுதிக் கூடுகளிலிருந்து தேன் எடுத்துச் சோதித்தபோது, புகை போன திசையில் இருந்த கூடுகளின் தேனில் ஈயம் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருந்தது. சாப்பிடக்கூடாத அளவு இல்லை, ஐரோப்பிய ஒன்றியம் தேனுக்கு வைத்திருக்கும் வரம்பான கிலோவுக்கு 0.10 மில்லிகிராமுக்குள்தான். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதைத் தேன் குறித்து வைத்திருந்தது. ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களை ஐசிபி-எம்எஸ் என்ற கருவியில் அளப்பார்கள், அந்த வேலை ஒப்பீட்டளவில் சுலபம், ஏனென்றால் ஈயம் எங்கேயும் சிதைந்து மறைந்துவிடாது. இங்கே ஒரு சின்னக் குறிப்பு: தேனின் அமிலத்தன்மை பிஹெச் 4-ஐ ஒட்டி இருக்கும், ஆகவே ஈயப்பற்று வைத்த பழைய உலோகத் தொட்டியில் தேனைப் போட்டு வைத்தால் அதுவே ஈயத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அப்புறம் காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெளியிலிருந்து வருவது ஒரு பக்கம். கூட்டுக்குள் மனிதர்களே வைப்பது இன்னொரு பக்கம், என் பார்வையில் இதுதான் பெரிய தொல்லை. தேனீப் புழுக்களை அழுகவைக்கும் அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்று ஒரு நோய் உண்டு. அதை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நோய் கண்ட கூட்டை எரிப்பதுதான் பழைய வழி. எரிக்க மனம் வராதவர்கள் டெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா மருந்துகள் என்று சர்க்கரைப் பாகில் கலந்து கொடுக்கிறார்கள். மருந்து வித்துகளைக் கொல்லாது, நோயை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். சில நாடுகளில் இவற்றில் சில மருந்துகளுக்கு அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தேனுக்கென்று எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அனுமதிக்கப்பட்ட அளவே கிடையாது.

2002-இல் சீனாவிலிருந்து வந்த தேனை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக்குக்காக. இந்த மருந்து மிகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே செயலிழக்க வைத்துவிடும், அது எடுத்துக்கொண்ட அளவைப் பொறுத்தும் இல்லை. அதனால் இவ்வளவு வரை பரவாயில்லை என்று யாராலும் ஒரு கோடு போட முடியவில்லை. கோடு போட முடியாத இடத்தில் கருவி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்குமோ அதுவே கோடாகிவிடுகிறது: முதலில் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் என்று வைத்தார்கள், 2022 நவம்பரிலிருந்து அது 0.15. இந்த எண்ணை அப்படியே சொன்னால் யாருக்கும் உறைக்காது. 20 டன் தேன் ஏற்றிய கண்டெய்னர்கள் 330-ஐ வரிசையாக நிறுத்தி, அத்தனை தேனிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் மருந்தைக் கலந்தால் அதுதான் கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம். அதைத்தான் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள், கண்டும் பிடிக்கிறார்கள்.

சரி, எப்படி? பூச்சிக்கொல்லி எச்சத்தைத் தேடும் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். 50 மில்லி பிளாஸ்டிக் குழாயில் 5 கிராம் தேன். அதில் 10 மில்லி தண்ணீர் விட்டு, கோந்து மாதிரி இருக்கும் தேன் முழுக்கக் கரைந்து நீர்க்கும்வரை குலுக்குகிறார்கள். பிறகு அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை அதே அளவு ஊற்றி மறுபடி குலுக்கல். அடுத்து மெக்னீசியம் சல்ஃபேட்டும் உப்பும் கலந்த பொடியைக் கொட்டியதும் குழாய் கையில் சுடும், ஏனென்றால் அந்தப் பொடி தண்ணீரை உறிஞ்சும்போது சூடு கிளம்புகிறது. சென்ட்ரிஃப்யூஜில் வைத்துச் சுற்றி எடுத்தால் இரண்டு அடுக்கு: கீழே சர்க்கரைத் தண்ணீர், மேலே தெளிந்த கரைப்பான். தேனின் பெரும்பகுதியான சர்க்கரை கீழேயே தங்கிவிட, பூச்சிக்கொல்லிகள் மேலே ஏறிவிடுகின்றன. 2003-இல் வெளியான இந்த முறைக்கு கேட்சர்ஸ் என்று பெயர், வேகம், எளிமை, மலிவு, பலன், உறுதி, பாதுகாப்பு என்று பொருள்படும் ஆறு ஆங்கிலச் சொற்களிலிருந்து எடுத்துக் கோத்தது. வேதியியல் ஆய்வகங்களில் இதைப்போல் வாழ்க்கையைச் சுலபமாக்கிய முறைகள் குறைவு.

மேலடுக்கை எடுத்துச் சுத்தம்செய்து கருவிக்குள் அனுப்புவார்கள். முதலில் ஒரு மெல்லிய குழலுக்குள் ஓடும்போது ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வருகிறது. வந்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடை பார்த்துப் பிடித்து, உடைத்து, உடைந்த துண்டுகளையும் எடை பார்க்கிறது. வரும் நேரம் பொருந்த வேண்டும், குறைந்தது இரண்டு துண்டுகள் தெரிய வேண்டும், அந்த இரண்டுக்கும் இடையிலான விகிதமும் தேடும் பொருளின் சுத்தமான மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ‘இருக்கிறது’ என்று எழுதக்கூடாது. தேன் ஒன்றுபோல ஒன்று இருக்காது என்பது அடுத்த தலைவலி. வெளிர்நிறத் தேனில் தெளிவாகத் தெரியும் அதே அளவு மருந்து, அடர்ந்த கறுப்புத் தேனில் பாதியாகத் தெரியக்கூடும், தேனின் மற்ற சரக்குகள் சிக்னலை அமுக்கிவிடுவதால். அதற்காகத்தான் நல்ல ஆய்வகம் தேடும் மருந்தின் ‘கனமான’ இரட்டையை, அதாவது ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் வைத்துச் செய்ததை, தெரிந்த அளவில் தேனில் முன்கூட்டியே சேர்த்துவிடும். வழியில் எவ்வளவு தொலைந்தாலும் இரண்டும் ஒன்றாகத் தொலையும், கணக்கு நேராகிவிடும்.

ஆனால் கருவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தவறான உருவத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த பகுதியே இதுதான், தேன் எப்படியெல்லாம் ஏமாற்றுகிறது என்பது.

சல்ஃபா மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேனுக்குள் அவை சும்மா மிதந்துகொண்டு இருப்பதில்லை, சர்க்கரையோடு கைகோத்துக்கொள்கின்றன. அப்படிச் சேர்ந்த மருந்தின் எடை வேறு, நடை வேறு, கருவி அதைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் விட்டுவிடும். முதலில் தேனை அமிலத்தில் வைத்து அந்தப் பிடியை விடுவித்தால்தான் உண்மையான அளவு வெளியே வரும். இந்தப் படியைச் செய்தவரும் செய்யாதவரும் ஒரே தேனுக்கு வெவ்வேறு அறிக்கை தருவார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அமிட்ராஸ் இன்னும் மோசம். வாரோவா என்ற உண்ணியைக் கொல்லக் கூட்டுக்குள் வைக்கும் மருந்து இது. தேனின் அமிலத்தில் சீக்கிரமே சிதைந்துவிடும். கொஞ்ச நாள் கழித்துத் தேனில் அமிட்ராஸைத் தேடினால் இல்லை என்றுதான் வரும், சிதைந்த துண்டுகளான ஃபார்மமிடினும் டைமெத்தில் அனிலினும் அங்கேதான் இருக்கும். அதனால் ஐரோப்பிய வரம்பான கிலோவுக்கு 200 மைக்ரோகிராமைக் கணக்கிடும்போது அந்தத் துண்டுகளையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அறிக்கையில் வெறும் ‘அமிட்ராஸ்’ என்று இருந்தால் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

நைட்ரோஃப்யூரான் வகை ஆன்டிபயாடிக்குகளிலும் தாய்ப்பொருள் மறைந்து சிதைவுகள்தான் மிஞ்சும். அவற்றைப் பிடிக்க ஒரு வினைப்பொருளோடு இராத்திரி முழுக்க 37 டிகிரியில் ஊறவைக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒரு சிதைவின் பெயர் செமிகார்பசைடு. இது தேனில் கிடைத்தால் நைட்ரோஃப்யூராசோன் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டிருந்த காலத்தில், 2003 வாக்கில், ஒரு விஷயம் தெரியவந்தது: கண்ணாடி ஜாடியின் உலோக மூடிக்குள் இருக்கும் நுரை வளையத்தைச் செய்யப் பயன்பட்ட அசோடைகார்போனமைடு என்ற பொருள் சூட்டில் சிதைந்தாலும் அதே செமிகார்பசைடு வருகிறது. மருந்தே கொடுக்காத ஒருவரின் தேன் மூடியால் மாட்டிக்கொள்ளக்கூடும். 2005 ஆகஸ்டிலிருந்து உணவு படும் பொருள்களில் அதை ஐரோப்பா தடைசெய்துவிட்டது. ஒரு எண்ணை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் அந்த எண் வேறு எந்த வழியிலெல்லாம் வந்திருக்கலாம் என்று யோசிக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது.

பாலில் ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மலிவான வழி உண்டு. பாக்டீரியா வளர்த்த தட்டில் பாலை வைத்து, வளர்ச்சி நின்றால் மருந்து இருக்கிறது என்பார்கள். தேனில் இதைச் செய்தால் குழப்பம்தான், ஏனென்றால் சுத்தமான தேனே பாக்டீரியாவை வளரவிடாது: அடர்ந்த சர்க்கரை, அமிலம், போதாததற்கு நீர்க்கும்போது தானே உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அதனால் தேனுக்கு முதல்கட்டச் சோதனையாக எலைசா போன்ற, ஆன்டிபாடியை வைத்துப் பிடிக்கும் கிட்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். வேகமானவை, மலிவானவை, ஆனால் ஒத்த முகமுள்ள வேறொன்றையும் சில சமயம் பிடித்துவிடும். கிட் ‘இருக்கிறது’ என்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் உறுதிசெய்யும்வரை அதை யாரும் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு ஓட்டை கிளைபோசேட். முன்னே சொன்ன இரண்டு அடுக்கு நினைவிருக்கிறதா? உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படும் இந்தக் களைக்கொல்லி தண்ணீரை விட்டு மேலே ஏறவே ஏறாது, கீழடுக்கோடு போய்விடும். நானூறு பூச்சிக்கொல்லிகளை ஒரே ஓட்டத்தில் தேடிய அறிக்கையில்கூட இதற்குத் தனிச் சோதனை செய்யாவிட்டால் பெயரே இருக்காது. ஸ்ட்ரெப்டோமைசினும் இதே சுபாவம்தான், அதற்கும் தனி வழி வேண்டும். ஆக, நீளமான பட்டியல் என்பதாலேயே முழுமையான பட்டியல் என்று நம்பிவிட வேண்டாம்.

இதுவரை தேனைப் பற்றிப் பேசினோம். உண்மையில் ஒரு கூட்டிலிருந்து எடுக்கும் பொருள்களில் பெரும்பாலும் சுத்தமானது தேன்தான். பூச்சிக்கொல்லிகள் பலவும் கொழுப்பில் கரைபவை, தேனில் கொழுப்பே கிடையாது. அவை போய் ஒட்டிக்கொள்வது மெழுகில். உண்ணிக்கு வைக்கும் கூமாஃபாஸ், ஃப்ளூவாலினேட் எல்லாம் மெழுகுக்குள் போனால் வெளியே வருவதில்லை. பழைய அடையை உருக்கி, புதிய மெழுகுத் தகடு அச்சிட்டு, மறுபடி சட்டத்தில் பொருத்திக் கூட்டுக்குள் வைக்கும்போது, மெழுகு உருகும் 62, 65 டிகிரிச் சூடு அந்த மருந்துகளை ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடும். யாரோ எப்போதோ வைத்த மருந்து, தகடு வாங்கிய இன்னொருவரின் கூட்டில், அவர் மருந்தே வைக்காமல் இருந்தாலும், புழு வளரும் அறையின் சுவராக நிற்கும். 2010-இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில் மெழுகு, மகரந்தம், தேனீ என்று 887 மாதிரிகளைச் சோதித்ததில் 121 பூச்சிக்கொல்லிகளும் அவற்றின் சிதைவுகளும் கிடைத்தன. மெழுகு மாதிரிகளில் ஏறக்குறைய 98 சதவீதத்தில் அந்த இரண்டு உண்ணி மருந்துகளின் எச்சம் இருந்தது. சந்தையில் நாம் தேனைத்தான் சோதிக்கிறோம், தேனீயோ மெழுகுக்குள்தான் பிறக்கிறது. தேன் அறிக்கை சுத்தமாக இருக்கிறது என்று கூட்டைப் பற்றி நிம்மதி கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எடுத்து வைத்த அடைகளை மெழுகு அந்து அரிக்காமல் இருக்கப் பாச்சை உருண்டை போட்டு மூடிவைக்கும் பழக்கமும் இதோடு சேர்ந்ததுதான். அந்த உருண்டையில் இருக்கும் பாரா-டைகுளோரோபென்சீன் ஆவியாகி மெழுகில் ஏறும், அடுத்த பருவத்தில் அந்த அடையில் தேனீக்கள் தேன் சேர்க்கும்போது மெழுகிலிருந்து தேனுக்கு இறங்கும். இப்படி ஆவியாகும் பொருளைத் தேட, மூடிய குப்பியில் தேனைச் சூடாக்கி மேலே நிற்கும் காற்றை எடுத்துக் கருவிக்குள் விடுகிறார்கள்.

மகரந்தம் பூவிலிருந்து நேராக வருவது, அதனால் தெளிப்பு மருந்து அதில்தான் கூடுதல். அதிலும் மனிதர் வைக்காத நஞ்சும் உண்டு: சில செடிகள் தாமாகவே உண்டாக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் கல்லீரலைக் கெடுப்பவை, மகரந்தப் பொருள்களில் இவை கிலோவுக்கு 500 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பா வரம்பு வைத்திருக்கிறது. நியூசிலாந்தில் டூட்டு என்ற புதரின் சாற்றை ஒரு பூச்சி உறிஞ்சிவிட்டுக் கழிக்கும் இனிப்புத் திரவத்தைத் தேனீக்கள் சேர்க்க, அந்தத் தேனை அடையோடு தின்றவர்கள் 2008-இல் விஷம் ஏறிப் படுத்தார்கள். தேனீக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புதரின் நஞ்சுக்கு ‘டூட்டின்’ என்று பெயர், அங்கே இப்போது தேனில் அது கிலோவுக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. இயற்கையானது என்று எழுதியிருந்தாலே சோதனை வேண்டாம் என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

புரோபோலிஸ் என்ற பிசினும் அப்படித்தான்: தேனீக்கள் மரப்பிசின் கிடைக்காத இடத்தில் தாரையும் பெயின்ட்டையும் சுரண்டி வருவது உண்டு. அதை ஆல்கஹாலில் சாறு எடுக்கும்போது கொழுப்பில் கரையும் நஞ்சும் சேர்ந்தே சாறாகும்.

2017-இல் வந்த ஒரு ஆய்வில் உலகம் முழுவதிலுமிருந்து வந்த 198 தேன் மாதிரிகளில் நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தேடினார்கள். 75 சதவீதத்தில் ஒன்றாவது இருந்தது, 45 சதவீதத்தில் இரண்டோ அதற்கு மேலோ. பெரும்பாலும் மனிதர் சாப்பிடுவதற்கு வைத்த வரம்புக்குள்தான், கரண்டியில் தேன் எடுப்பவர் அஞ்சத் தேவையில்லை. ஆனால் அந்த வரம்பு தேனீக்காக வைத்தது இல்லை. நாம் ஒரு நாளைக்கு ஒரு கரண்டி, தேனீக்கு அதுதான் முழுச்சாப்பாடு.

மாதிரி எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தொகுதியில் நூறு பீப்பாய் இருந்து ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் அறிக்கை அந்த ஒரு பீப்பாய்க்குத்தான் பேசும். மருந்து கலந்த தேனை நல்ல தேனோடு கலந்தால் அளவு குறைந்து வரம்புக்குள் வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள், பல கூடுகளின் தேன் கலந்த தொகுதியில் ‘வரம்புக்குள்’ என்ற முடிவு எல்லாக் கூடும் சுத்தம் என்று சொல்லவில்லை. சர்க்கரைப் பாகு கலப்படத்தைப் பிடிக்கும் சோதனைகள் முற்றிலும் வேறு, அதில் தேறிய தேனில் ஆன்டிபயாடிக் இருக்கலாம், இதில் தேறிய தேன் பாகாகவே இருக்கலாம்.

தேனீ வளர்ப்பவர் ஒருவர், கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு சோதனைதான் முடியும், எதற்குச் செய்வது என்று கேட்டால் நான் மெழுகு என்பேன், அதுவும் புழு வளர்ந்து கறுத்த அடையின் மெழுகு. கூட்டில் எத்தனையோ பருவங்களாக என்ன நடந்தது என்று அதில் இருக்கும். தேன் எடுக்கும்போது அறைகளின் மேலிருந்து சீவி எடுக்கும் மூடி மெழுகை அதோடு கலக்காமல் தனியே உருக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது அந்தப் பருவத்தில்தான் தேனீக்களின் உடம்பிலிருந்து சுரந்தது, கூட்டில் இருப்பதிலேயே புதிது. புதிய தகடு அதில் அச்சிடுங்கள். கறுத்தது மெழுகுவத்திக்குப் போகட்டும்.